ஜேர்மன் பென்சனோடு பிரான்சில் குடியேறினால் வைத்தியச் செலவு யாருடையது?

கேள்வி:

எனக்கு 66 வயது, மனைவிக்கு 61. டோட்முண்டில் இருக்கிறோம், இருவரிடமும் ஜேர்மன் கடவுச்சீட்டு. 1984 இல் பாரிஸ் வந்து இறங்கி, மூன்று வருடம் ஒரு உணவகத்தின் குசினியில் சம்பளச் சீட்டோடு வேலை செய்தேன். 1988 இலிருந்து ஜேர்மனியில் தொழிற்சாலை வேலை. அண்மையில் பென்சன் எடுத்துவிட்டேன். மனைவி மினிஜொப் என்கிற சிறு பகுதிநேர வேலை மட்டும் செய்கிறார், என்னுடைய கிராங்கன்காசேயில் (சட்டப்படியான வைத்தியக் காப்புறுதி நிறுவனத்தில்) தான் அவரும் இருக்கிறார். மகள் குடும்பம் பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்நேவில். பேரப்பிள்ளைகளோடு இருக்க அங்கேயே போய்விடலாம் என்று முடிவெடுத்துவிட்டோம். எனக்குச் சீனி வருத்தம், இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ஒரு நாளைக்கு ஆறு குளிசை. கிராங்கன்காசே அட்டையின் பின்பக்கத்தில் ஐரோப்பிய அட்டை இருக்கிறது, அது போதும் என்கிறார் மருமகன். டோட்முண்ட் வதிவிடப் பதிவை வெட்டாமல் போய் இருங்கள் என்கிறார் நண்பர் ஒருவர். எது சரி?

பதில்:

இரண்டுமே பிழை, அண்ணா. மருமகன் சொல்வது பாதிப் பிழை, நண்பர் சொல்வது முழுப் பிழை.

முதலில் அட்டை. அதன் பின்பக்கத்தில் இருப்பது ஐரோப்பிய சுகாதாரக் காப்புறுதி அட்டை. அது தற்காலிகமாகப் போய் வருகிறவர்களுக்கானது. பாரிசுக்கு ஒரு கலியாணவீட்டுக்குப் போன இடத்தில் நெஞ்சு வலித்தால் அந்த அட்டையோடு வைத்தியசாலைக்குப் போகலாம். அங்கேயே குடியிருக்கிறவருக்கு அது இல்லை. சில்லறைத் தேவைகளுக்கு அட்டை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் இதில் ஆபத்து. பாமசியில் காட்டுவீர்கள், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், ஒரு வருடம் போய்விடும். என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் பதினாலு மாதம் ஓட்டினார். கண்ணில் வெண்புரை எடுக்க நாள் குறித்தபோதுதான் பிரச்சினை வெளியே வந்தது. நாள் குறித்துச் செய்கிற சத்திரசிகிச்சைக்கு இந்த அட்டை செல்லாது. அதோடு விசாரணை தொடங்க, பழைய பில்களும் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன.

பதிவை வெட்டாமல் விடுவது அதைவிட மோசம். "வருடத்தில் 183 நாள் ஜேர்மனியில் இருந்ததாகக் காட்டினால் போதும்" என்று நம்மவர்களுக்குள் ஒரு கதை உலாவுகிறது. அது வரிக் கணக்கில் வருகிற எண். காப்புறுதிக்கு ஐரோப்பியச் சட்டம் பார்ப்பது உங்கள் வாழ்க்கையின் நடு எங்கே இருக்கிறது என்பதை: குடும்பம் எங்கே, நிரந்தரமான வீடு எங்கே, எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள், வரி எங்கே கட்டுகிறீர்கள். மனைவி, மகள், பேரப்பிள்ளைகள், கட்டில், தொலைக்காட்சி எல்லாம் லா கூர்நேவில் இருக்க, டோட்முண்டில் தபால்பெட்டியில் பெயர் மட்டும் இருந்தால் நீங்கள் குடியிருப்பது பிரான்சில்தான். விலாசம் மாறியதைக் கிராங்கன்காசேக்கு அறிவிப்பதும் உங்கள் கடமை. மறைத்துக் கிடைத்த காப்புறுதியைத் திருப்பிக் கேட்டால் சொல்ல ஒரு பதிலும் இருக்காது.

சரி, நேர்வழி என்ன? எஸ்1 என்ற படிவம். முன்பு பென்சன்காரருக்கு இ121 என்று இருந்தது. 2004 ஆம் ஆண்டின் 883 ஆம் இலக்க ஐரோப்பிய ஒழுங்குவிதி 2010 மே மாதம் நடைமுறைக்கு வந்தபின் அதன் இடத்துக்கு வந்தது எஸ்1. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளோடு சுவிஸ், நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனுக்கும் இந்த முறை உண்டு. லண்டனுக்குப் போக நினைக்கும் வாசகர்களும் அடிக்கடி எழுதிக் கேட்கிறார்கள். பிரித்தானியா விலகியபிறகும் 2021 இலிருந்து தனி ஒப்பந்தத்தின் கீழ் எஸ்1 தொடர்கிறது. ஆனால் அங்கே குடியேற விசா வேண்டும், அது தனிக்கதை.

எஸ்1 இன் அடிப்படை எளிது. எந்த நாடு உங்களுக்குப் பென்சன் தருகிறதோ, அந்த நாடு உங்கள் வைத்தியச் செலவையும் ஏற்கிறது. வைத்தியம் கிடைப்பது குடியிருக்கும் நாட்டில், அந்த நாட்டுக்காரருக்கு என்ன முறையோ அதே முறையில். நீங்கள் ஜேர்மன் பென்சன் மட்டும் வாங்கி பிரான்சில் இருந்தால், பிரெஞ்சு வைத்தியர் பிரெஞ்சுக்காரரைப் பார்ப்பதுபோலவே உங்களைப் பார்ப்பார், கணக்கு பின்னால் ஜேர்மனிக்குப் போகும். சந்தாவும் இப்போது போலவே ஜேர்மன் பென்சனிலிருந்து வெட்டப்படும். 1,000 யூரோ பென்சன் என்றால் வைத்தியக் காப்புறுதிக்கு 73 யூரோவும் உங்கள் காசேயின் மேலதிகச் சந்தாவில் பாதியும், படுக்கையில் விழுந்தால் பார்க்கிற பராமரிப்புக் காப்புறுதிக்கு 36 யூரோவும். கடவுச்சீட்டின் நிறத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. சட்டப்படியான காசேயில் இல்லாமல், கடை நடத்திய காலத்தில் தனியார் காப்புறுதிக்கு மாறி அங்கேயே நின்றுவிட்ட நம்மவர்கள் கனபேர் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுக்கவேண்டாம், அவர்களின் வழி வேறு.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பாரிசில் மூன்று வருடம், சம்பளச் சீட்டோடு. முழு விசயமும் அந்தக் குசினியில்தான் இருக்கிறது.

சம்பளச் சீட்டு இருந்தால் பிரெஞ்சு பென்சன் நிதிக்கும் சந்தா போயிருக்கிறது. மூன்று வருடத்துக்குப் பெரிய தொகை வராது. இருந்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் என்பதால் பிரான்ஸ் உங்களுக்குத் தனியாக ஒரு சிறு பென்சன் தரவேண்டும். (ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் மற்ற நாடு அந்தக் காலத்தைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.) ஒழுங்குவிதி சொல்வது இதுதான்: குடியிருக்கும் நாட்டிலிருந்து ஒரு பென்சன் வந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், வைத்தியச் செலவு குடியிருக்கும் நாட்டின் தலையில். ஜேர்மனியில் 37 வருடம், பிரான்சில் 3 வருடம் என்ற தராசு இங்கே இல்லை. எங்கே கூடுதல் காலம் என்று பார்ப்பது, இரண்டு பென்சனும் வெளிநாட்டிலிருந்து வரும்போது மட்டும்தான். உதாரணமாக நீங்கள் போர்த்துக்கல்லில் போய் இருந்தால் அந்தக் கேள்வி வரும், அதில் ஜேர்மனி வெல்லும். பிரான்சில் இருந்தால் பிரான்ஸ்.

ஆகவே பிரெஞ்சு பென்சன் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து உங்களுக்கு ஜேர்மன் எஸ்1 இல்லை. ஜேர்மனி உங்கள் பென்சனில் வைத்தியச் சந்தாவும் பராமரிப்புச் சந்தாவும் வெட்ட முடியாது, ஏனென்றால் செலவை ஏற்கும் நாடு மட்டுமே சந்தா எடுக்கலாம். அதற்குப் பதிலாகப் பிரான்ஸ் எடுக்கும். உங்கள் ஜேர்மன் பென்சனிலும் சேர்த்துத்தான். சேஎஸ்ஜே என்ற சமூக வரி, குடும்ப வருமானத்தைப் பொறுத்து 0, 3.8, 6.6 அல்லது 8.3 வீதம், அதோடு வேறு சிறு வெட்டுகள். மாதாமாதம் கையில் வரும் காசை மட்டும் பார்த்தால் உங்களைப் போன்றவருக்குப் பிரெஞ்சு வழி இலாபமாகவே தெரியும். மருமகன் கணக்குப் போட்டால் அதைத்தான் சொல்வார்.

நான் உடனே ஓம் என்று சொல்லமாட்டேன். காரணம் பராமரிப்புக் காப்புறுதி. சம்பளத்தில் ப்ளேகே என்று வெட்டினார்களே, அது. அந்தக் காப்புறுதி ஜேர்மனியில் 1995 ஜனவரியில் தொடங்கியது. அன்றிலிருந்து முப்பது வருடமாகக் கட்டுகிறீர்கள், ஒரு சதமும் எடுக்கவில்லை. இனித்தான் அது தேவைப்படுகிற வயது. எஸ்1 இல் இருப்பவர் பிரான்சில் படுக்கையில் விழுந்தால், ஜேர்மனியிலிருந்து பராமரிப்புக் காசு வரும். எவ்வளவு பராமரிப்புத் தேவை என்று தரம் பிரித்து, 2025 இலிருந்து இரண்டாம் தரத்துக்கு மாதம் 347, மூன்றாம் தரத்துக்கு 599, நான்காம் தரத்துக்கு 800, ஐந்தாம் தரத்துக்கு 990 யூரோ. வீட்டுக்கு ஆள் அனுப்பிச் செய்கிற ஜேர்மன் சேவை எல்லை தாண்டாது. காசு தாண்டும். இதுவும் சும்மா கிடைத்ததில்லை. பிரான்சில் குடியிருந்து ஜேர்மனியில் வேலை செய்த மொலெனார் தம்பதி, "சந்தாவை மட்டும் எடுத்துக்கொண்டு காசு தரமாட்டோம் என்பது என்ன நியாயம்" என்று வழக்குக்குப் போய், 1998 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றதால் வந்தது. மகள்தான் உங்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துப் பார்க்கப்போகிறார் என்றால், அந்தக் காசு அவர் வேலையைக் குறைக்க உதவும்.

பிரெஞ்சு வழியிலும் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. 60 வயது கடந்து, தன் வேலையைத் தானே செய்ய முடியாத நிலைக்கு வருபவருக்கு மாவட்ட நிர்வாகம் ஆபா என்ற உதவி தருகிறது. அது பெரும்பாலும் வீட்டுக்கு உதவிக்கு வருகிறவரின் செலவுக்குப் போகும், வருமானம் கூடினால் குறையும். அதேபோல, ஜேர்மன் சட்டத்தில் வெளிநாடு போகிறவர் பராமரிப்புக் காப்புறுதியை மட்டும் விருப்பத்தின் பேரில் தொடர ஒரு கதவு இருக்கிறது. அது ஒரு மாதம்தான் திறந்திருக்கும். கட்டாயக் காப்புறுதியிலிருந்து விலகிய ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். இதைக் காசேயில் யாரும் தாமாக எடுத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

இன்னொன்றும் எஸ்1 பக்கம் நிற்கிறது. ஜேர்மனியின் எஸ்1 இல் வெளிநாட்டில் இருக்கும் பென்சன்காரர் எப்போது ஜேர்மனிக்கு வந்தாலும் அங்கே முழு வைத்தியமும் பெறலாம், அவசரமாக இருக்கவேண்டும் என்றில்லை. ஸ்டென்ட் வைத்த உங்கள் டோட்முண்ட் வைத்தியரிடம் வருடத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வரலாம். எல்லா நாடும் இந்த உரிமையைத் தருவதில்லை, ஜேர்மனி தருகிறது. பிரான்சின் பொறுப்புக்கு மாறிவிட்டால் டோட்முண்டுக்கு விருந்தாளியாகத்தான் போவீர்கள். அவசரத்துக்கு பிரெஞ்சு ஐரோப்பிய அட்டை உதவும், திட்டமிட்ட வைத்தியத்துக்கு முன்கூட்டியே அனுமதி எடுக்கவேண்டும்.

தெரிவு உங்கள் கையில் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் நேரம் போய்விட்டிருக்கலாம். ஒரு நாட்டில் பென்சனுக்கு விண்ணப்பித்தால் அது மற்ற நாடுகளிலும் விண்ணப்பித்ததாகவே எடுக்கப்படும். ஜேர்மன் படிவத்தில் வெளிநாட்டு வேலைக்காலம் பற்றிய கேள்விக்கு "பிரான்ஸ், 1984" என்று எழுதியிருந்தால், உங்கள் கோப்பு ஏற்கனவே பிரெஞ்சு பென்சன் அலுவலகத்துக்குப் போயிருக்கும். முதியோர் பென்சனை ஒரு நாட்டில் மட்டும் எடுத்து, மற்றதைப் பின்போடும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அதை எழுத்தில் கேட்டிருக்கவேண்டும். கேட்டிருந்தால், பிரெஞ்சு பென்சன் ஓடாதவரை எஸ்1 ஜேர்மனியிடம்தான். பின்போடுவதில் ஒரு சிறு நன்மையும் இருக்கிறது. பிரான்சில் 67 வயதில் எடுத்தால் காலம் போதவில்லை என்ற குறைப்பு இல்லை, உங்களுக்கு அது தூரத்திலும் இல்லை. அந்த மூன்று வருடத்தை எழுதாமலே விட்டிருந்தால், இப்போதே திருத்துங்கள். பிரெஞ்சு சமூகப் பாதுகாப்பில் உங்கள் பழைய பெயரும் இலக்கமும் இன்னும் இருக்கும். நீங்கள் அங்கே பதியப் போகும்போது அது திரையில் வரத்தான் போகிறது.

எந்த நாடு பொறுப்பு என்றாலும் பிரான்சில் அன்றாட வைத்தியம் ஒரே மாதிரித்தான் நடக்கும். ஜேர்மனியில் அட்டையை நீட்டிவிட்டு வந்து பழகியவருக்கு முதல் ஆறு மாதம் எரிச்சலாக இருக்கும். சாதாரண வைத்தியர் ஒரு முறை பார்க்க 30 யூரோ எடுப்பார். நீங்கள் கொடுக்கவேண்டும், பிறகு அதில் 70 வீதம், 2 யூரோ கழித்து, அதாவது 19 யூரோ கணக்குக்குத் திரும்பி வரும். குடும்ப வைத்தியர் இவர்தான் என்று ஒருவரைப் பதிந்திருந்தால்தான் இந்தக் கணக்கு. பதியாவிட்டால் 30 வீதம்தான், கையில் 7 யூரோ. லா கூர்நேவ் பக்கம் புதுநோயாளியை எடுக்கும் வைத்தியரைப் பிடிப்பது லேசில்லை, மகளை இப்போதே தேடச் சொல்லுங்கள். மீதி 30 வீதத்துக்கு மூத்துவெல் என்கிற தனியார் துணைக் காப்புறுதி. வயது கூடக் கூட அதன் விலை ஏறும். பாரிசில் விசேட வைத்தியர்கள் பலர் அரசாங்கம் குறித்த கட்டணத்துக்கு மேலே வாங்குகிறார்கள், அந்த மேலதிகத்தை மலிவான மூத்துவெல் தொடாது. விலையைப் பார்த்து முடிவெடுக்காமல், இருதய வைத்தியரின் மேலதிகக் கட்டணத்தில் எவ்வளவு தருகிறது என்று கேட்டு எடுங்கள்.

உங்களுக்கு ஒரு பெரிய ஆறுதல்: சீனி வருத்தமும் இருதயக் குழாய் அடைப்பும் பிரான்சின் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. அந்த நோய்களுக்கான வைத்தியம், குளிசை, பரிசோதனை எல்லாவற்றுக்கும் அரசாங்கக் கட்டணத்தில் 100 வீதமும் கிடைக்கும். தானாக வராது. குடும்ப வைத்தியர் அதற்கென்று ஒரு கோரிக்கை எழுதி அனுப்பவேண்டும். டோட்முண்டை விட்டு வருமுன் ஸ்டென்ட் வைத்த அறிக்கை, கடைசி இரத்தப் பரிசோதனை, குளிசைகளின் மூலப்பெயர் எல்லாம் எடுத்து வாருங்கள். ஒரே மருந்துக்கு அங்கே வேறு வணிகப் பெயர். அதோடு மூன்று மாதக் குளிசையும் கையில் இருக்கட்டும்.

ஏனென்றால் பதிவு இழுபடும். எஸ்1 ஐப் புறப்படுமுன் உங்கள் காசேயிடம் கேட்டு எடுத்து, அங்கே போனதும் செபாம் என்று நம்மவர் சொல்கிற சுகாதாரக் காப்புறுதி அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். கூடவே கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு விபரம், மகள் வீட்டில் இருப்பதாக மகள் எழுதிய கடிதம், அவருடைய மின்சார பில். பிறகு வழக்கமான தலையிடி, யாழ்ப்பாணத்துப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். பெற்றோர் பெயருள்ள முழுப் பத்திரம் வேண்டும், சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு. உங்களுக்கு 1984 இன் பழைய இலக்கம் இருக்கலாம், மனைவிக்குப் புதிதாக எடுக்கவேண்டும். கார்த் வித்தால் என்ற பச்சை அட்டை வரும்வரை கையால் காசு கொடுத்து, வைத்தியர் தரும் கடதாசிகளை அனுப்பித் திரும்பப் பெறுவீர்கள். ஒரு கடதாசியும் தொலையக்கூடாது.

மனைவியின் பெயரும் எஸ்1 இல் தங்கிவாழ்பவராகப் பதியப்படவேண்டும். குடும்ப உறுப்பினர் யார் என்று தீர்மானிப்பது குடியிருக்கும் நாட்டின் சட்டம், ஆகவே ஜேர்மன் காசே ஓம் என்றாலும் செபாமிடம் தனியாக எழுதிக் கேளுங்கள். அவருக்குச் சொந்தமாக ஜேர்மன் பென்சன் தொடங்கும்போது, அவருடைய பெயரில் தனி எஸ்1 வேண்டும். 1964 இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு அது 67 வயதில்.

அப்புறம் மருமகனின் கடை. கடை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பாதிப் பேருக்கு இருக்கிறது, "மாமா சும்மாதானே இருக்கிறார், கல்லாவில் இருக்கட்டும்" என்ற பேச்சும் வரும். பதிந்து, சம்பளத்தோடு, வாரத்துக்குச் சில மணித்தியாலம் வேலை செய்தாலே நீங்கள் பிரான்சில் காப்புறுதி உள்ள தொழிலாளி. பென்சன்காரர் என்ற எஸ்1 அந்த வேலை உள்ளவரை ஒதுங்கிவிடும். பதியாமல் வேலை செய்வதைப் பற்றி நான் ஆலோசனை சொல்வதில்லை. பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவதற்கு எந்தப் படிவமும் வேண்டாம்.

ஊருக்குப் போய் ஆறு மாதம் நிற்கும் யோசனை இருந்தால், எஸ்1 உம் அட்டையும் கட்டுநாயக்கா விமான நிலையத்தோடு செத்துவிடும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது ஏற்கனவே உள்ள நோய்க்குப் பணம் தருவார்களா என்ற வரியைத் தேடி வாசியுங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த ஒரு வரிதான் காப்புறுதி.

இப்போது செய்யவேண்டியது, பென்சன் விண்ணப்பத்தின் பிரதியை எடுத்து, பிரான்ஸ் பற்றிய பக்கத்தில் என்ன எழுதினீர்கள், பின்போடக் கேட்டீர்களா என்று பார்ப்பது. பிரெஞ்சில் ஏதாவது கடிதம் வந்து, விளங்கவில்லை என்று மேசை லாச்சியில் போட்டிருந்தால் அதையும் எடுங்கள். இரண்டின் பிரதியும் எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்க்குமுன் டோட்முண்ட் வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்கவேண்டாம்.